அடுப்பழுக்கியல்: மரக்காணப் பாடம்

பாயிரம்

யானைக்கு நூல் உண்டு. குதிரைக்கு அசுவ சாத்திரம் உண்டு. பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்பதற்குப் பஞ்சாங்கத்தில் பட்டியலே உண்டு. உயிர்களை எல்லாம் அறிவின் அளவால் ஒன்று முதல் ஆறு வரை வகுத்து வைத்தது தொல்காப்பியம். வகுப்பதில் இத்தனை ஆசை கொண்ட நாட்டில், அடுப்பின் மேல் படியும் அழுக்கை வகுக்க மட்டும் ஒருவரும் முன்வரவில்லை.

இன்று கிடைப்பவை எல்லாம் மருந்து நூல்கள். எலுமிச்சையின் பத்துப் பயன்கள், ஆப்ப சோடாவின் இருபது பயன்கள், வினிகரின் நூறு பயன்கள். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நோயைத் தேடி அலையும் வைத்தியம் இது. போதாக்குறைக்கு ‘இயற்கையானது’ என்ற அடைமொழி முன்னால் நின்றுவிட்டால், எதையும் எதன் மேலும் ஊற்றலாம் என்ற துணிவும் வந்துவிடுகிறது. கடற்காற்றைவிட இயற்கையான சரக்கு உலகத்தில் கிடையாது. அது ஒரு கேஸ் அடுப்பை என்ன பாடு படுத்துகிறது என்று மரக்காணத்தில் பார்த்தவர்கள், அந்த அடைமொழியைக் கொஞ்சம் அளந்துதான் பேசுவார்கள்.

ஆகவே இந்நூல் அழுக்கை முதலில் வைக்கும். மருந்தைப் பின்னால் வைக்கும்.

நிலம் கூறுதல்

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையில் புதுச்சேரிப் பக்கமாக இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்பர் அறிஞருள் ஒருசாரார். ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கே வந்து முடிகிறது. மேற்கே கழுவெளி என்னும் ஈரநிலம்; 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நடுவே உப்பளம். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போவது இந்த அளத்தைத்தான்.

இத்தனை பெருமையும் அடுப்புக்கு ஒரு பொருட்டல்ல. அடுப்புக்குப் பொருட்டு காற்று. மற்ற ஊர்களில் சமைத்தால்தான் அடுப்பு அழுக்காகும். இங்கே அடுப்பை வாங்கி வைத்தாலே போதும்.

அடுப்பு

அடுப்பு மூவகைப்படும். துலக்கும் பொருளைத் தானே தருவது, துலக்க விடுவது, துலக்கினால் கோபித்துக்கொள்வது.

முதல்வகை மண் அடுப்பு. அதன் அழுக்கை யாரும் போக்கியதில்லை. சாணம் போட்டு மெழுகி, அதன் மேல் புதுத் தோல் ஏற்றி, ஒரு கோலமும் இழுத்துவிடுவார்கள். விடியற்காலையில் அதன் வயிற்றிலிருந்து வாரும் சாம்பல் வீட்டுப் பாத்திரம் முழுவதற்கும் ஆகும். இந்தக் கரையோரத்தில் சவுக்குத் தோப்புக்குப் பஞ்சமில்லை. சவுக்குக் கட்டையின் சாம்பல் வெளுப்பாக, மாவாக விழும். மரச்சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. அது தண்ணீரில் கரைந்து எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் பிசுக்கின் ஒரு பகுதி சோப்பாகவே மாறிவிடும். சமைத்த விறகே சோப்பும் தந்த அடுப்பு அது.

இரண்டாம்வகை எஃகுத் தகட்டுக் கேஸ் அடுப்பு. 2007-இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு இணைப்போடு அடுப்பும் கொடுக்கத் தொடங்கியது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. சிலிண்டர் உள்ளே வர, சாம்பல் வெளியே போனது. இப்போது அதே சாம்பலைப் பொட்டலம் கட்டி, இயற்கைப் பாத்திரத்தூள் என்று பெயரிட்டு நகரத்தில் விற்கிறார்கள். மரக்காணத்துப் பல வீடுகளில் தோட்டத்துப் பக்கம் ஒரு விறகடுப்பு இன்னும் இருக்கிறது. மீன் குழம்புக்கும் வெந்நீருக்கும் அதுதான். ஆகவே உள்ளே இருக்கும் அடுப்புக்கு மருந்து வெளியே இருக்கும் அடுப்பிலிருந்து வருகிறது.

மூன்றாம்வகை கண்ணாடி மேல்தளம் போட்டதும், இண்டக்‌ஷனும். இவற்றின் குணம் பின்னால் வரும். மண்ணெண்ணெய் ஸ்டவ் வழக்கொழிந்ததால் இந்நூலில் விடப்பட்டது. அதன் திரிக்காகவும் பின்னுக்காகவும் யாரேனும் தனி நூல் செய்வாராக.

அழுக்கியல்

அளத்தில் கடல்நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு இறங்கும், அடுத்து ஜிப்சம், அதற்குப் பிறகே உப்பு. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் நிற்கும். ஒவ்வொன்றும் தன் முறை வந்தால்தான் இறங்கும். அடுப்பின் மேலும் இப்படியே, முறை வைத்துத்தான் படிவு ஏறுகிறது: தகட்டின் மேல் துரு, அதன் மேல் காறை, அதன் மேல் கருகிய கஞ்சி, எல்லாவற்றுக்கும் மேல் எண்ணெய். கடைசியாக வந்ததை முதலில் அனுப்ப வேண்டும். எண்ணெய் மூடியிருக்கும் காறையின் மேல் புளியைக் கரைத்து ஊற்றினால் அது எண்ணெயின் மேல் வழுக்கி ஓடிவிடும். ‘இயற்கை முறை எல்லாம் வேலைக்காகாது’ என்று கை உதறுகிறவர்களில் பாதிப் பேர் இந்த வரிசையைத் தவறவிட்டவர்கள்.

முதலாவது பிசுக்கு. இது இளம்பிசுக்கு, முதுபிசுக்கு என இரண்டாகும். இன்று காலை தாளித்தபோது தெறித்தது இளம்பிசுக்கு. அதற்குத் தண்ணீர் காட்டவே கூடாது. கொஞ்சம் கடலைமாவோ சாம்பலோ தூவினால் உறிஞ்சிக்கொள்ளும், துடைத்தால் முடிந்தது. போன மாதம் வஞ்சிரம் வறுத்தபோது தெறித்து, துடைக்காமல் விட்டது முதுபிசுக்கு. இது இப்போது எண்ணெய் இல்லை. சூட்டிலும் காற்றிலும் ஆக்சிஜனை வாங்கி, இறுகி, வார்னிஷ் ஆகிவிட்டது. மர மேசைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் காய்வதும் இதே வழியில்தான். ஆகையால் மாவு, எலுமிச்சை, பூந்திக்கொட்டை நுரை எதற்கும் இது மசியாது. சாம்பலையோ ஆப்ப சோடாவையோ வெந்நீரில் குழைத்துப் பூசி, காயவிடாமல் மேலே ஈரத்துணி போட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பர்னரின் உடல் அலுமினியக் கலவை என்றால் சாம்பலும் சோடாவும் அதைக் கறுக்கடித்துவிடும். இந்தச் சிகிச்சை தகட்டுக்கும் இரும்புத் தாங்கிக்கும் மட்டுமே.

இரண்டாவது பொங்கல். பண்டிகையில் பொங்கினால் மங்கலம். மற்ற நாளில் பொங்கினால் இது. பால், சோற்றுக் கஞ்சி, பருப்பு மூன்றும் இந்த இனம். கஞ்சி பொங்கினால் மாவுப்பசை. பால் பொங்கினால் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து கருகிய பத்து. இதற்கு மருந்து தண்ணீரும் பொறுமையும்தான். நனைத்த துணியை அரை மணி நேரம் மேலே போட்டுவிட்டால் தானே ஊறி எழும். தமிழ்நாட்டில் அடுப்புத் தகடுகளில் விழுந்திருக்கும் கீறல்களில் பெரும்பகுதி, ஊறப் பொறுக்காதவர்கள் கத்தியால் சுரண்டியதால் விழுந்தவை என்பது என் துணிபு.

மூன்றாவது கரி. இது அழுக்கே அல்ல, அறிகுறி என்பர் ஒருசாரார். அவர்கள் சொல்வது சரி. பர்னர் துளை அடைத்து, காற்று போதாமல், சுடர் மஞ்சளாக எரிந்தால் பாத்திரத்தின் அடி கறுக்கும். பாத்திரத்தைத் தேய்ப்பது வீண் வேலை. பித்தளைப் பர்னர் மூடியைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, துளைகளை ஈர்க்குச்சியால் குத்தி, கழுவி, முழுக்கக் காயவைத்துப் பூட்டினால் சுடர் நீலமாகும்.

ஆனால் இங்கே மரக்காணம் ஒரு பாடபேதம் வைத்திருக்கிறது. இந்த ஊரில் மஞ்சள் சுடர் இரண்டு வகை. உப்பில் இருக்கும் சோடியம் நெருப்பில் பட்டால் சுடருக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும். உப்புப் போட்ட உலைநீர் பொங்கி வழியும்போது பளிச்சென்று ஒரு மஞ்சள் எழுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உப்புத்தூள் படிந்த பர்னரிலும் அதுவே நடக்கும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? சுடரைப் பார்க்காமல் பாத்திரத்தின் அடியைப் பார்க்க வேண்டும். அடி கறுத்தால் கரி மஞ்சள். கறுக்காவிட்டால் உப்பு மஞ்சள். பின்னதற்கு ஈரத்துணியே போதும். முன்னது துளைகளைச் சுத்தம் செய்த பிறகும் தொடர்ந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். நாசில் துளையில் ஊசியை விட்டு நோண்டுவது இந்நூலுக்கு உடன்பாடு அல்ல.

நான்காவது காறை. கடலோரத் தண்ணீர் பொதுவாகக் கடினம். வெந்நீர்ப் பானை வழிந்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். இந்த வெள்ளையும் இரண்டு வகை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஈர விரலால் தொட்டால் கரைந்து போவது உப்பு வெள்ளை. கரையாமல் நின்று, ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் சன்னமாக நுரைப்பது சுண்ணாம்பு வெள்ளை. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த நுரை கடுகளவுகூட இருக்காது. குமிழிகள் வளையத்தின் விளிம்பிலிருந்து கிளம்பி உள்ளே நகர்ந்துவரும். அவை போன பாதையில் தகடு பளபளக்கும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலமும் இதையே செய்யும், எலுமிச்சையைவிட மலிவு. ரசத்துக்குக் கரைத்த பிறகு மிஞ்சும் சக்கையே போதும்.

ஐந்தாவது துரு. இதற்கும் புளிதான் மருந்து. துரு போன பிறகு இரும்பு அம்மணமாக நிற்கும். உடனே காயவைத்து எண்ணெய் தொட்டுத் துடைக்காவிட்டால், இந்தக் காற்றில் மாலைக்குள் மறுபடி செம்மை ஏறிவிடும்.

ஆறாவது மீன் குழம்பு. தனி வகையாக வைக்கத் தகுமா என்று கேட்பவர்கள் இந்தக் கரையில் ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும். எண்ணெய், புளி, மிளகாய், மஞ்சள், உப்பு, மீன் எல்லாம் ஒரே வழிசலில் வருவதால் முன்சொன்ன பல வகையும் இதில் அடங்கும். தனக்கு மருந்தான புளியைத் தானே சுமந்து வருவது இதன் சிறப்பு. தகட்டுக்கு நஞ்சான உப்பையும் சேர்த்துச் சுமந்து வருவது இதன் குற்றம். இதன் வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை கொண்டவை. அதனால்தான் எலுமிச்சை பட்டதும் வாடை அடங்குகிறது. இங்கே சாம்பலை எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது. மஞ்சள் மேல் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தட்டைப் பார்த்த எவருக்கும் இது தெரிந்த சங்கதி. சாம்பலைப் போட்டால் அடுப்பு முழுக்க ஆரத்தி சுற்றிக் கொட்டியது போல ஆகிவிடும். முதலில் புளி, பிறகு கழுவல், அதற்குப் பிறகே சாம்பல். எஞ்சும் மஞ்சள் கறைக்கு வெயில். கழற்றக்கூடிய தட்டானால் முற்றத்தில் வைத்துவிட்டால், மஞ்சளின் நிறத்தை வெயில் தின்றுவிடும்.

மருந்தியல்

உறிஞ்சுவது, தேய்ப்பது, புளிப்பு, காரம், நுரைப்பு என்று மருந்து ஐந்து. மாவும் சாம்பலும் முதலது; இரண்டாவது பின்னால் தனியே வரும்; புளி, எலுமிச்சை, புளித்த மோர் மூன்றாவது; சாம்பல், சோடா, சலவைத் தொழிலாளர் வெள்ளாவிக்குப் போட்ட உவர்மண் நான்காவது; பூந்திக்கொட்டையும் சீயக்காயும் ஐந்தாவது. சாம்பல் இரண்டு இடத்தில் வருவதைக் குற்றமாகக் கொள்ளற்க.

புளிப்பையும் காரத்தையும் சேர்த்துப் பூசும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. சோடாவைத் தூவி எலுமிச்சையைப் பிழிந்ததும் புஸ்ஸென்று பொங்குகிறது. பார்ப்பவர்கள் அழுக்கு அலறுகிறது என்று மகிழ்கிறார்கள். அழுக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று கொன்றுவிட்டு, கரியமில வாயுவும் தண்ணீரும் ஓர் உப்பும் மிச்சம் வைக்கின்றன. துளைக்குள் தளர்ந்து கிடக்கும் தூசியை அந்தப் பொங்கல் கொஞ்சம் வெளியே தள்ளும் என்பதை மறுக்கவில்லை. மற்றபடி இரண்டு நல்ல வேலைக்காரர்களை ஒரே அறையில் பூட்டிச் சண்டை மூட்டிவிட்ட கதைதான். சோடாவுக்கு ஒரு நேரம், எலுமிச்சைக்கு ஒரு நேரம், நடுவில் ஒரு துடைப்பு.

தேய்ப்பதில்தான் மரக்காணத்துக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-இல் கனிமங்களை ஒன்றோடொன்று கீறிப் பார்த்து, டால்க்குக்கு 1, வைரத்துக்கு 10 என்று வரிசை போட்டார். அந்த வரிசையில் உப்பு சுமார் 2½. ஆப்ப சோடாவும் ஏறத்தாழ அங்கேயே. கண்ணாடி 5½. மணலிலும் செங்கல் தூளிலும் இருக்கும் குவார்ட்ஸ் 7. ஆக, கண்ணாடி அடுப்பைக் கல் உப்பு கீறாது. பித்தளைக் குடத்தைத் தகதகவென்று ஆக்கிய செங்கல் தூள் கீறிவிடும். கடை உப்புக்குத்தான் இந்த உறுதி. அளத்திலிருந்து நேரே அள்ளி வந்த உப்பில் பாத்தித் தரையின் மணலும் ஒட்டியிருக்கும். மணல் கலந்த உப்பைப் போட்டுக் கண்ணாடியைத் தேய்த்துவிட்டு உப்பைத் திட்டுவது நியாயமில்லை.

எஃகுத் தகட்டில் உப்பின் குற்றம் கீறல் அல்ல. துருப்பிடிக்காத எஃகைத் துருவிலிருந்து காப்பது அதன் மேல் தானே உண்டாகும் குரோமியம் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர் தடிமன்தான். உப்பில் இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர் வாங்கிக் கசியும். கடற்கரையில் அதைத் தாண்டாத இரவு குறைவு. சுத்திகரிக்காத உப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கசியும். அதாவது அளத்து உப்பைத் தூவித் தேய்த்து, அரைகுறையாகத் துடைத்துவிட்டுப் போனால், அந்த அடுப்பு அடுத்த கழுவல் வரை காயவே காயாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது மனிதர்க்குச் சொன்னது. அடுப்பு அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறது, புள்ளி புள்ளியாக.

அளத்து வேலைக்குப் போகும் ஓர் அக்கா, தோட்டத்துக் குழாயடியில் அடுப்பின் இரும்புத் தாங்கிகளைக் கழற்றிப் போட்டு, கல் உப்பும் புளிச்சக்கையும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுப்பின் கால்களில் ஒன்று அரித்துப் போய், அதற்குப் பதிலாக ஓட்டுச் சில்லு ஒன்று முட்டுக் கொடுத்திருந்தது. எனக்கு நூலாசிரியன் என்ற திமிர்.

“ஏன்க்கா, உப்பு போட்டா துரு புடிக்காதா?”

“போட்டுட்டு வுட்டாதான் தம்பி புடிக்கும். தேச்ச கையோட மூணு தண்ணி ஊத்தி, துணி வெச்சித் தொடச்சி, வெயில்ல போட்டுடணும். அளத்துலேர்ந்து வந்தா நாங்க காலக் கழுவாமயா உள்ள போறோம்?”

“அப்ப இந்தக் கால் ஏன் போச்சு?”

“அதுவா? அடியில யாரு பாக்கறாங்க?”

நான் ஒரு பக்கம் எழுதியதை அவர் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார். கூடவே ஒன்றைக் காட்டினார்; அதை எந்த மருந்து நூலிலும் பார்த்ததில்லை. பாத்தி மிதித்து, உப்பு வாரி, கூடை சுமந்த கையில் வெடிப்பு இருக்கும். வெடிப்புள்ள விரலுக்கு எலுமிச்சையும் புளியும் சுரீரென்று ஏறும். சாம்பல் தண்ணீர் அதைவிட எரியும். கெமிக்கல் இல்லை, கைக்கு நல்லது என்று பொட்டலத்தில் அச்சடிப்பவர்கள் இந்தக் கையைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் பெரிய தேய்ப்புகளை அளத்தில் வேலை இல்லாத நாளுக்குத் தள்ளிவைக்கிறார். மற்ற நாளில் அரிசி களைந்த கழுநீரைச் சூடாக்கி ஊற்றி, பீர்க்கங்கூட்டால் ஒரு தேய், துணியால் ஒரு துடைப்பு. கழுநீர் மெல்லிய மருந்து. ஆனால் தினமும் செய்தால் முதுபிசுக்கு உண்டாக வழியில்லை.

புறனடை

கண்ணாடி அடுப்பு சூடாக இருக்கும்போது தண்ணீரோ சாறோ ஊற்றக்கூடாது. சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். சர்க்கரைப் பாகு வழிந்தால் மட்டும், அடுப்பை அணைத்துவிட்டு, இளஞ்சூட்டிலேயே துணியால் எடுத்துவிட வேண்டும். ஆறினால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இண்டக்‌ஷனுக்கு ஈரத்துணியைத் தவிர வேறொன்றும் காட்ட வேண்டாம். ரப்பர் டியூபை எலுமிச்சையால் பளபளப்பாக்கப் பார்ப்பவர்களுக்குச் சொல்ல இந்நூலில் ஒன்றுமில்லை. டியூபை மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று அதன் மேல் போட்டிருக்கும் தேதியைப் பார்க்கட்டும்.

எஞ்சியது அடிப்பக்கம். ஐப்பசி பிறந்தால் அளத்தில் வேலை ஓயும்; உப்புக் குவியலைக் கீற்றாலும் தார்ப்பாயாலும் மூடுவார்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் இங்கே அளங்கள் வெள்ளக்காடாகக் கிடந்தன. மழை உப்பைக் கரைக்கும் அதே மாதங்களில்தான் காற்றின் ஈரம் ஏறி அடுப்பின் காலைத் தின்கிறது. ஆகவே மழைக்கு முன் ஒருமுறை, ரெகுலேட்டரை மூடி, டியூபைக் கழற்றி, அடுப்பைக் கவிழ்த்துப் போட வேண்டும். குமிழ்களைக் கழற்றி அடியில் துடைக்க வேண்டும். கால்களையும் திருகுகளையும் நல்ல தண்ணீரால் துடைத்து, வெயிலில் காயவைத்து, துணியில் சொட்டு நல்லெண்ணெய் தொட்டு ஒரு பூச்சு பூச வேண்டும். பிறகு டியூபைப் பொருத்தி, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்த பின்பே பற்றவைக்க வேண்டும்.

பூசிய எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசுக்காகாதா என்று ஒருசாரார் ஆட்சேபிப்பர். ஆகும். அதற்கு மருந்து அழுக்கியலில் முதலாவதாகச் சொல்லப்பட்டது.